ரேஸ் கோர்ஸ் ரோடும் பொன்மலைத் திடலும்

திருச்சிராப்பள்ளியில் ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் இல்லை. ஜமால் முகமது கல்லூரியும் அண்ணா விளையாட்டரங்கமும் அந்தச் சாலையைத்தான் முகவரியாகக் கொண்டிருக்கின்றன. மதுரையில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் உள்ள பகுதியும் ரேஸ் கோர்ஸ் என்றே அழைக்கப்படுகிறது. கோவைக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் என்றால் காலையில் நடக்கப் போகும் வட்டச் சாலை. ஆங்கிலேயர் தங்கள் பொழுதுபோக்குக்கென ஒதுக்கிக்கொண்ட பந்தயத் திடல், போலோ வெளி, கோல்ஃப் மைதானம் எல்லாம் தமிழகத்து ஊர்களில் ஏறக்குறைய ஒரே வழியில் உருவாகி, ஒரே வழியில் கைமாறின. திருச்சியில் இந்தக் கதை சற்றுப் பழையது. இங்கே திறந்தவெளிகள் விளையாட்டுக்கு வருமுன் போர்க்களமாக இருந்தன.

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் நிலத்தின் அமைப்பு விளங்கும். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம் தீவு, அதற்கும் வடக்கே கொள்ளிடம்; அந்தப் பக்கமெல்லாம் வாழையும் நெல்லும் தென்னையுமாகப் பச்சை. தெற்கே உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாசனம் முடியும் இடத்திலிருந்து நிலம் காய்ந்து, மட்டமாக விரிகிறது. அந்தச் சமவெளியில் பொன்மலை, காஜாமலை போன்ற பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. கிழக்கே திருவெறும்பூரில் எறும்பீஸ்வரர் கோயில் கொண்ட குன்று. குதிரைப்படை விரைய மட்டமான தரையும், பீரங்கி ஏற்றப் பாறையும் ஒரே இடத்தில் கிடைத்ததால் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வெளிக்குப் படைகள் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலி 1751இல் திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். எதிரே சந்தா சாகிபும் அவருக்குத் துணையான பிரெஞ்சுக்காரரும். முற்றுகையைத் தளர்த்தத்தான் முகமது அலிக்குத் துணையான ஆங்கிலேயர் தரப்பிலிருந்து ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போனார். 1752இல் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தன் படையை ஸ்ரீரங்கத்துக்குப் பின்வாங்கச் செய்து, கோயில் மதில்களையே அரணாக்கிக்கொண்டார். அந்த ஜூனில் சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைப் படைத்தலைவரிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். சண்டை அத்தோடு முடியவில்லை. உதவிக்குக் கூலியாகத் திருச்சியைத் தருவதாக முகமது அலி மைசூர்த் தளவாய் நஞ்சராஜருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு காப்பாற்றப்படவில்லை. கோபம் கொண்ட மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய, ஸ்ரீரங்கம் மீண்டும் பாசறையானது.

1753 ஜூனில் பிரெஞ்சுப் படை பொன்மலையைக் கைப்பற்றியது. அந்தக் குன்று போனால் கோட்டைக்குப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த உணவும் போய்விடும். ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸின் வீரர்கள் துப்பாக்கிக் கத்தியோடு பாறையில் ஏறி அதை மீட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் அந்த நவம்பரில் நள்ளிரவில் ஏணி வைத்துக் கோட்டையின் வெளிமதில் ஏறியது. உள்மதிலைத் தாண்ட முடியாமல், விடிந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். உணவு வண்டிகளைப் பகைவரின் குதிரைப்படைக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துப் பெயர் வாங்கியவர் யூசுப்கான். பின்னாளில் மதுரையை ஆண்ட மருதநாயகம் அவர்தான். ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இந்தச் சமவெளியின் ஒவ்வொரு பாறைக்கும் தோப்புக்கும் ஆங்கிலப் பெயர் உண்டு. பொன்மலை 'கோல்டன் ராக்' என்று ஆங்கில ஏடுகளில் ஏறியதும் அப்போதுதான். ரயில் நிலையப் பலகையில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

இந்த அமளிக்கிடையிலும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் வேறொரு திறந்தவெளி தன் போக்கில் இருந்துவந்தது. ஆயிரங்கால் மண்டபத்தை ஒட்டிய மணல்வெளி அது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்தின் எட்டாம் நாள் மாலை அங்கே வேடுபறி நடக்கும். நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருள்வார். ஸ்ரீபாதம் தாங்கிகள் வாகனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் முன்னும் பின்னுமாக ஓடுவார்கள். கால் புதையும் மணலில் அடி பிசகாமல் திரும்ப வேண்டும். இந்தக் குதிரையோட்டத்துக்கு வையாளி என்று பெயர். திருமங்கை மன்னன் பெருமாளிடமே வழிப்பறி செய்து ஆட்கொள்ளப்பட்ட கதை அதன் முடிவில் நடித்துக் காட்டப்படும். ஆண்டில் பெரும்பாலான நாள் வெற்று மணலாகக் கிடக்கும் இடம்தான். ஆனால் யார் எங்கே நிற்பது, வாகனம் எந்தத் திசையில் ஓடுவது என்பதெல்லாம் மரபால் தீர்மானிக்கப்பட்டவை. ஆற்றுக்குத் தெற்கே உருவான திடல்களுக்கு இப்படியொரு உரிமை வரிசை கிடையாது. அதனால்தான் அவை எளிதில் கைமாறின என்றும் சொல்லலாம்.

1801இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது நினைவுகூரத்தக்கது. கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் திருச்சி ஒரு பெரிய படைத்தளமாக நிலைபெற்றது. உறையூர்ப் பக்கத்திலும் புத்தூரிலும் இருந்த படைவீடுகள் காலப்போக்கில் இன்றைய கண்டோன்மென்ட் பகுதியில் வந்து நின்றன. கோட்டைக்குள் நெருக்கமான கடைத் தெருக்கள். கண்டோன்மென்ட்டில் அகலச் சாலைகளும் தோட்டத்துக்கு நடுவே பங்களாக்களும். வில்லியம்ஸ் ரோடு, வார்னர்ஸ் ரோடு, லாசன்ஸ் ரோடு என்ற பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். கல்கத்தாவின் பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலை கோட்டைக்குள்ளிருந்த தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பி, தங்கியிருந்த பங்களாவின் குளியல் குளத்தில் இறங்கியபோது உயிரிழந்தார். கோடையில் திருச்சி வெயில் எப்படியிருக்கும் என்பதற்கு இந்த ஊரில் அதிகம் சொல்லப்படும் சான்று அது. அவர் அடக்கமானது புனித யோவான் ஆலயத்தில்.

படைத்தளத்துக்கு அணிவகுப்பு மைதானம் இல்லாமல் முடியாது. அதிகாலையில் பயிற்சி முடிந்துவிட்டால் அதிகாரிகளுக்கு மாலைவரை வேலை குறைவு; குதிரையும் குதிரைக்காரனும் சம்பளத்திலேயே கிடைத்தார்கள். படைவீடு இருந்த ஊர்களிலெல்லாம் குதிரைப் பந்தயம் முளைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. பந்தயத்துக்கு வேண்டியது நீள்வட்டமான ஓடுபாதை மட்டுமே. நடுவிலிருக்கும் பரந்த நிலம் ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும். கோல்ஃப் பல ஊர்களில் அந்த நடுநிலத்துக்குள்தான் புகுந்தது. சென்னை கிண்டியில் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் பந்தயப் பாதைக்கு உள்ளேயே அமைந்ததற்கு இதுவே பின்னணி.

பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் சங்கம் என்று பெயர் பெற்றது கல்கத்தாவில் 1829இல் தொடங்கியது. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் வந்தது. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேட்டில், வருடம் முழுக்கச் சாரல் விழும் புல்லில் பிறந்த ஆட்டம் அது. காவிரிக் கரைச் சமவெளிக்கு அதன் இயல்பு ஒத்துவராது. திருச்சியில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்ந்துவிடும். மேட்டூர் அணை மூடும் ஜனவரி இறுதியிலிருந்து ஜூன்வரை வாய்க்காலில் முறையான தண்ணீர் வராது. மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தரையில் புல் என்ற பேச்சே எழாது. இந்தியச் சமவெளியின் வறண்ட படைவீடுகளில் இதற்கொரு சமாளிப்பு வைத்திருந்தார்கள். குழியைச் சுற்றி வெட்டிய புல்தரைக்குப் பதிலாக மணலை எண்ணெய் விட்டுக் கெட்டித்து, மட்டமாக இழுத்துவிடுவார்கள். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். பந்து உருள்வதற்கு அது போதும். ஒருவர் ஆடி முடித்ததும் ஆள் வந்து மணலை மறுபடி இழுத்துச் சமப்படுத்த வேண்டும். அந்த ஆளின் கூலி மலிவாக இருந்தவரை ஆட்டம் நடந்தது.

புல்லும் குளிரும் வேண்டியவர்கள் மலையேறினார்கள். திருச்சி, மதுரைப் பக்கத்து அதிகாரிகளுக்கும் பாதிரிமார்களுக்கும் மலை என்றால் பெரும்பாலும் கோடைக்கானல். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், அம்மையநாயக்கனூரில் இறங்கி வண்டியிலும், பிறகு டோலியிலும் மட்டக் குதிரையிலும் மேலே போவது வழக்கமாயிற்று. மோட்டார் ஏறும் மலைப்பாதை வந்ததெல்லாம் 1910களில்தான். கோடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கிய ஆண்டு 1895. செண்பகனூரில் இயேசு சபையார் தங்கள் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கியதும் அதே ஆண்டு. சிறிய மலையூர் ஒன்றில் கோல்ஃப் நூறாண்டு தாண்டி நிலைத்திருப்பதற்கு அங்கே இயற்கையாகவே பரந்திருந்த மலைப் புல்வெளி முக்கியக் காரணம். பழனி மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதியை வாட்டில் மரமும் பைனும் யூகலிப்டஸும் விழுங்கிவிட்டன. இன்று அந்தக் கோல்ஃப் மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வதைப் பார்க்கலாம். பந்து அடிப்பவர்தான் காத்திருக்க வேண்டும்.

சமவெளியில், திருச்சி நகரசபை 1866இல் அமைந்த காலத்தை ஒட்டிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அகழி இருந்த இடம்தான் இன்றைய மேற்கு, கிழக்கு பொலிவார்டு சாலைகள். மிஞ்சிய வாசல் மெயின் கார்டு கேட். ஊருக்குள் புதிதாகக் கிடைத்த நிலமெல்லாம் சாலையாகவும் கடையாகவும் ஆயிற்று. பெரிய திடல் வேண்டுமென்றால் தெற்கே கண்டோன்மென்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அங்கேயும் காலம் மாறிக்கொண்டிருந்தது. படை குறைய, பங்களாக்களில் வக்கீல்களும் டாக்டர்களும் குடியேறினார்கள். 1930 ஏப்ரல் 13 அதிகாலை ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது கண்டோன்மென்ட்டில் இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்து.

திருச்சியின் விளையாட்டு நிலங்களைப் பற்றிப் பேசும்போது அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து எடுத்து, பொன்மலை அடிவாரச் சமவெளியில் 1928இல் திறந்தது. பணிமனையோடு ஒரு முழு ஊரையே திட்டமிட்டுக் கட்டினார்கள். நேர்க்கோட்டுச் சாலைகள், பதவிக்கு ஏற்ற அளவில் குடியிருப்புகள், மருத்துவமனை, பள்ளி, ரயில்வே இன்ஸ்டிட்யூட், அவற்றுக்கு நடுவே தாராளமான திடல்கள். தொழிலாளி ஆரோக்கியமாக இருந்தால் வேலை நடக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆட்டக்களம் அந்தக் கணக்கில் ஓர் இனம். ஹாக்கியும் கால்பந்தும் திருச்சி வட்டாரத்து இளைஞர்களுக்கு வேலைக்கான வழியாகவும் ஆனது இந்த ரயில்வே திடல்களால்தான். நன்றாக ஆடுபவருக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்றுவரை அணையவில்லை.

பணிமனை வந்தது சண்டையோடுதான். இடமாற்றமும் ஆட்குறைப்பும் 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுதும் வேலைநிறுத்தமாக வெடித்தன. தலைமை தாங்கிய சிங்காரவேலர் சிறை சென்றார். அதன் பிறகு பொன்மலையின் திறந்தவெளிகளில் பந்து மட்டும் உருளவில்லை. சங்கக் கூட்டமும் நடந்தது. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, தொழிற்சங்கம் கூடும் திடலுக்குள் மலபார் ஸ்பெஷல் போலீஸ் புகுந்து சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இடம் சங்கத் திடல் என்றே அழைக்கப்படுகிறது. ஆண்டுதோறும் அதே நாளில் தியாகிகள் தினம் அங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. நிர்வாகம் தன் வரைபடத்தில் காலி இடமாக விட்ட நிலத்துக்குத் தொழிலாளர்கள் தாங்களே பெயர் வைத்தார்கள்.

இன்னொரு வெளி ஞாயிறு தோறும் பொன்மலைச் சந்தையாகிறது. ரயில்வே குடும்பங்களின் தேவைக்காக 1920களில் கூடத் தொடங்கிய சந்தை அது. காய்கறி, கருவாடு, கோழிக்குஞ்சு, புறா, பழைய இரும்பு, கைக்கருவி, மலிவு விலைத் துணி என்று தரையில் சாக்கு விரித்துப் பரப்பியிருப்பார்கள். ஸ்பானரைத் தூக்கிப் பார்த்து, திருகைச் சுழற்றி, பல் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவி விலை கேட்பவர் பணிமனைக்காரர் என்று விற்பவருக்கே தெரிந்துவிடும். அவரிடம் விலை ஏற்றிச் சொல்லிப் பயனில்லை.

பொன்மலையின் ஜி கார்னர் திடலுக்கு அரசியல் வரலாறு உண்டு. பெரிய கட்சிகள் பலவும் அங்கே கூட்டம் நடத்தியிருக்கின்றன. மாநிலத்தின் நடுவில், எல்லாத் திசையிலிருந்தும் ரயில் வந்து சேரும் ஊர் என்பதால் மாநாடு என்றால் திருச்சி என்பது கட்சிகளுக்குப் பழகிப்போனது. தேர்தலில் போட்டியிடலாமா என்று தி.மு.க. தன் தொண்டர்களிடமே வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டது 1956 மே மாதத் திருச்சி மாநாட்டில். அடுத்த ஆண்டு சட்டமன்றத்தில் அக்கட்சிக்கு 15 இடங்கள் கிடைத்தன. தி.மு.க.வின் ஐம்பெரும் முழக்கங்கள் அறிவிக்கப்பட்டதும் 1970ஆம் ஆண்டுத் திருச்சி மாநாட்டில்தான். தலைநகரத்தையே இங்கே கொண்டுவர எம்.ஜி.ஆர். 1980களில் யோசித்தார். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் ஜி கார்னருக்கு மாறியது. நகரத்துக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் ரயில்வேயின் காலி நிலம் கைகொடுத்திருக்கிறது. விளையாட்டுக்கென்று விட்டு வைத்த இடம் விளையாட்டைத் தவிர எத்தனைக்குப் பயன்படும் என்பதை நகரத் திட்டக்காரர்கள் இங்கே கற்கலாம்.

ரேஸ் கோர்ஸ் பகுதியின் மாற்றம் வேறு விதமானது. ஜமால் முகமது கல்லூரி 1951இல் தொடங்கியது. எம். ஜமால் முகமதுவும் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் அதன் நிறுவனர்கள். வளாகத்துக்கான பரந்த நிலம் காஜாமியான் ராவுத்தரின் கொடை. 1970இல் அண்ணா விளையாட்டரங்கம் வந்தது. படைவீட்டு அதிகாரிகளும் அவர்களது விருந்தினரும் கூடிய வட்டாரத்தில் முதல் தலைமுறை மாணவர்கள் நடமாடத் தொடங்கினார்கள். சாலையின் பெயரை மாற்ற யாரும் பெரிதாக முனையவில்லை. பஸ் கண்டக்டர் சொல்லி, கல்லூரிக் கடிதத் தலைப்பில் அச்சாகி, அது ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. 1994இல் திருச்சி மாநகராட்சியானபோது ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளும் அதனுடன் சேர்ந்தன. மணல்வெளியும் சங்கத் திடலும் ரேஸ் கோர்ஸ் ரோடும் அப்படித்தான் ஒரே நகரத்துக்குள் வந்தன.

குதிரைப் பந்தயம் குறித்துத் தமிழக அரசுக்கு நீண்ட கால மனத்தாங்கல் உண்டு. பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்த சூதாட்டம் ஆகாது என்று கூறி உச்ச நீதிமன்றம் 1996இல் பந்தயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிலத்தின் வழியாக விவகாரம் மீண்டும் எழுந்தது. குத்தகை தொடர்பான பிணக்கில், 2024 ஜூலையில் உதகை ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரையும், செப்டம்பரில் கிண்டியின் சுமார் 160 ஏக்கரையும் அரசு தன் வசம் எடுத்தது. இரண்டிலும் பூங்கா அமைப்பது அரசின் திட்டம். கிண்டியில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டபோது, ஓடுபாதைக்குள் இருந்த கோல்ஃப் மைதானமும் வழக்குக்குள் வந்தது. கோவையும் மதுரையும் திருச்சியும் அந்தக் கட்டத்தை முன்பே கடந்துவிட்டன. அங்கே பந்தயத் திடலைப் பற்றி வழக்காட யாரும் இல்லை.

அண்ணா விளையாட்டரங்கில் இப்போது செயற்கை இழை ஹாக்கித் தளமும் தடகளப் பாதையும் நீச்சல் குளமும் உள்ளன. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருபவர்கள் அங்கே அதிகம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியத் தடகள அணியில் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த மூவர் இடம்பெற்றார்கள்: லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர். சுபா இருபாலர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். ஆரோக்கிய ராஜீவ் இருந்த ஆடவர் 4x400 மீட்டர் தொடர் ஓட்ட அணி இறுதிக்குத் தகுதி பெறவில்லை. ஆனால் 3 நிமிடம் 0.25 வினாடியில் ஓடி முடித்து ஆசிய சாதனையை முறியடித்தது.